வளர்ப்பு முயல் பதறுவது ஏன்? உற்றறிந்து காரணம் காண்போம்

மாணவர்களே, முயல் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார்கள் சில உண்டு. "ராத்திரி முழுக்கக் கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது." "திடீரென்று பின்னங்காலால் தரையை அடிக்கிறது." "தூக்கப் போனால் உதைக்கிறது." "தன் ரோமத்தைத் தானே பிடுங்கிக்கொள்கிறது." இவற்றைக் கேட்டதும் பெரியவர்கள் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இது முரட்டு முயல், யாருக்காவது கொடுத்துவிடு."

முரட்டு முயல் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முயலுக்குப் பேச்சு இல்லை. நாயைப் போலக் குரைக்கவோ பூனையைப் போலக் கத்தவோ அதற்குத் தெரியாது. வலித்தாலும், பயந்தாலும், வெப்பம் தாங்காவிட்டாலும், சலித்துப் போனாலும் அதைப் பெரும்பாலும் உடல் அசைவால்தான் அது சொல்லும். நாம் "தொல்லை" என்று நினைப்பது அது சொல்லும் செய்தியாக இருக்கலாம். அந்தச் செய்தியைப் படிக்கும் முறையை இந்த வாரம் பார்ப்போம். பள்ளியில் நீங்கள் கற்ற உற்றறிதல், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல் ஆகிய திறன்களே இதற்குப் போதும்.

இரையாகப் பிறந்த விலங்கு

நாம் வீட்டில் வளர்க்கும் முயல் இனங்கள் அனைத்தும் ஐரோப்பிய முயலிலிருந்து வந்தவை. இதன் தாயகம் இன்றைய ஸ்பெயினும் போர்த்துகலும் அமைந்துள்ள ஐபீரியத் தீபகற்பம். அங்கே இது தரைக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறது. நரி, கீரி வகை விலங்குகள், கழுகு எனப் பல கொன்றுண்ணிகளுக்கு இது இரை. அதனால் இதன் உடலமைப்பு முழுவதும் "ஆபத்தை முன்கூட்டியே அறிந்து ஓடு" என்ற ஒரே நோக்கத்தோடு அமைந்துள்ளது.

கண்களைப் பாருங்கள். அவை தலையின் இரு பக்கங்களிலும், சற்று மேலாக அமைந்துள்ளன. கிட்டத்தட்டத் தன்னைச் சுற்றியுள்ள 360 பாகையையும், தலைக்கு மேலே உள்ள வானத்தையும் முயல் பார்க்க முடியும். ஆனால், மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழும் சிறிய குருட்டுப் பகுதி உண்டு. நீங்கள் அன்போடு மூக்குக்கு நேராகக் கையை நீட்டும்போது அது திடுக்கிடுவது இதனால்தான். மேலிருந்து குனிந்து தூக்க வரும் கை, பாய்ந்து வரும் பருந்தைப் போல அதற்குத் தோன்றும்.

காதுகளை முயல் தனித்தனியே திருப்பும். மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். முயலின் காது 42,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதாவது, நமக்கு அமைதியாகத் தோன்றும் அறையில் அதற்கு ஏதோ ஒலி கேட்டுக்கொண்டிருக்கலாம்.

எலும்புகளோ மிக இலேசானவை. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் சுமார் 8 விழுக்காடுதான். ஆனால், பின்னங்கால் தசைகள் மிக வலிமையானவை. தூக்கும்போது பிடி நழுவி அது பலமாக உதைத்தால், அந்த உதையின் விசையிலேயே அதன் முதுகெலும்பு முறியக்கூடும். எனவே, பயந்த முயலைக் கட்டாயப்படுத்தித் தூக்குவது உயிருக்கே ஆபத்தான செயல்.

பயம் குடலை நிறுத்தும் விதம்

"கொஞ்சம் பயந்தால் என்ன, பிறகு சரியாகிவிடும்" என்று நாம் நினைக்கலாம். முயலைப் பொறுத்தவரை அப்படி விட்டுவிட முடியாது. காரணத்தை உயிரியல் பாடத்தின் துணையோடு படிப்படியாகப் பார்ப்போம்.

ஆபத்தை உணர்ந்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி செயல்படுகிறது. பரிவு நரம்பு மண்டலத்தின் வழியாகச் செய்தி, சிறுநீரகத்தின் அருகே உள்ள அட்ரீனல் சுரப்பியை அடைகிறது. அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. ஓய்வில் இருக்கும்போதே முயலின் இதயம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 180 முதல் 300 முறை துடிக்கும். பயத்தில் அது இன்னும் விரைவாகிறது. இரத்தம் கால் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. ஓடித் தப்புவதற்குத் தேவையில்லாத வேலைகளை உடல் ஒத்திவைக்கிறது. அவற்றுள் முதன்மையானது செரிமானம். குடலின் அசைவு மெதுவாகிறது.

காட்டில் இந்த ஏற்பாடு நல்லதே. நரி போய்விட்டால் சில நிமிடங்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால், கூண்டில் இருக்கும் முயலுக்குப் பயத்தின் காரணம் நாள் முழுவதும் எதிரிலேயே இருந்தால்? அப்போது கார்டிசோல் எனும் மற்றோர் ஊக்குநீரும் நீண்ட நேரம் உயர்ந்தே இருக்கிறது. குடல் மெதுவான நிலையிலேயே நின்றுவிடுகிறது.

முயலின் குடல் ஓய்வெடுக்கக்கூடாத குடல். அது நார்ச்சத்து மிகுந்த புல்லைத் தின்னும் தாவர உண்ணி. அதன் குருட்டுக்குடல் மிகப் பெரியது. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் புல்லை நொதிக்கச் செய்கின்றன. அப்படி நொதித்த பகுதி மென்மையான உருண்டைகளாக வெளிவரும்போது முயல் அதை நேரடியாக வாயில் எடுத்து உண்டு, எஞ்சிய சத்தைப் பெறுகிறது. (உங்கள் முயல் இப்படிச் செய்தால் அருவருக்க வேண்டாம், அது நோயல்ல, தேவை.) கடினமான உருண்டைப் புழுக்கைகளோ நாளொன்றுக்கு 200க்கும் மேல் விழும்.

இந்த ஓட்டம் நின்றால், குடலுக்குள் உள்ளவை காய்ந்து கட்டியாகின்றன. வாயு சேர்கிறது. வயிறு உப்பி வலிக்கிறது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. வலியால் அது உண்பதை நிறுத்துகிறது. உண்ணாததால் குடல் மேலும் மெதுவாகிறது. வலி கூடுகிறது. வலி பதற்றத்தை வளர்க்கிறது. பதற்றம் குடலை மேலும் நிறுத்துகிறது. உடலின் சமநிலையைக் காக்கும் எதிர்ப் பின்னூட்டத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இது அதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு சுற்றிலும் நிலைமை மோசமாகும் சுழல் இது. கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் முயல் இறந்துவிடலாம். "நேற்று நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் செத்துக் கிடந்தது" என்று பலர் சொல்லும் கதைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சுழல் இருக்கக்கூடும்.

உடல் அசைவின் அகராதி

இனி, முயல் சொல்வதைப் படிக்கக் கற்போம்.

பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்தால், "ஆபத்து" என்று பொருள். காட்டில் இந்த அதிர்வு நிலத்தின் வழியே பரவி, வளைக்குள் இருக்கும் மற்ற முயல்களை எச்சரிக்கும்.

கண்கள் பிதுங்கி, காதுகள் முதுகோடு ஒட்டி, உடல் தரையோடு பதுங்கி அசையாமல் இருந்தால், கடும் பயம். "சாதுவாக உட்கார்ந்திருக்கிறது" என்று இதைத் தவறாக நினைப்பவர்கள் பலர்.

கம்பியைத் தொடர்ந்து கடித்தல், ஒரே மூலையைச் சுரண்டுதல், ஒரே வட்டத்தில் சுற்றுதல், ரோமத்தை அளவுக்கு மீறி நக்குதல் ஆகியவை இயல்பான செயலுக்கு வழியில்லாதபோது தோன்றும் பழக்கங்கள். பயனின்றி ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்வதே இவற்றின் அடையாளம்.

உறுமிக்கொண்டு முன்னங்கால்களால் குத்த வந்தால், "இது என் இடம், விலகு" என்று பொருள்.

முதுகை வளைத்து ஒடுங்கி உட்கார்ந்து, கண்களைப் பாதி மூடி, பற்களை உரக்க நறநறவென்று கடித்தால், வலி.

இவற்றுக்கு எதிரான நல்ல அறிகுறிகளும் உண்டு. பக்கவாட்டில் பொத்தென்று விழுந்து கால் நீட்டிப் படுப்பது நிம்மதி. ஓடும்போது துள்ளி, காற்றிலேயே உடலை முறுக்கிக் குதிப்பது மகிழ்ச்சி. தடவிக் கொடுக்கும்போது பற்களை மெல்ல, ஏறக்குறைய ஓசையின்றி உரசுவது திருப்தி.

வலியை முகத்தில் படிக்க முடியுமா என்று விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அடையாளத்திற்காகக் காதில் பச்சை குத்தப்படும் முயல்களின் முகங்கள் படம் பிடிக்கப்பட்டன. மரத்துப்போகச் செய்யும் களிம்பு பூசியபோதும், பூசாதபோதும் முகம் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டார்கள். அதிலிருந்து ஐந்து குறிகள் வகுக்கப்பட்டன: கண் இடுங்குதல், கன்னம் தட்டையாதல், மூக்குத்துளையின் வடிவம் மாறுதல், மீசை விறைத்தல், காதுகள் சுருண்டு பின்னோக்கிச் சாய்தல். இன்று கால்நடை மருத்துவர்கள் முயலின் வலியை அளக்க இக்குறிகளைப் பயன்படுத்துகிறார்கள். களிம்பு பூசுவதும் பூசாமல் விடுவதும் அந்த ஆய்வின் தற்சார்பு மாறி. முக மாற்றம் சார்பு மாறி என்பதை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஐந்து சந்தேகங்கள்

பதறும் முயலைக் கண்டால் ஐந்து காரணங்களை வரிசையாகச் சந்தேகிக்க வேண்டும். வரிசை முக்கியம், உயிருக்கு ஆபத்தானவை முதலில் வருகின்றன.

1. வலி

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. முன்பற்கள் வாரத்திற்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். நார் மிகுந்த புல்லை அரைத்துத் தின்றால்தான் அவை தேயும். பெல்லட் தீவனத்தையும் கேரட்டையும் மட்டும் கொடுத்தால் கடைவாய்ப் பற்கள் தேயாமல் கூர்முனைகள் உருவாகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். இன்னொரு வலி பாதத்தில். முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பதைப் போன்ற மெத்தை இல்லை. ரோமம் மட்டுமே உண்டு. கம்பித் தரையுள்ள கூண்டில் நாள் முழுக்க நின்றால் பாதம் புண்ணாகும். முயலைத் தூக்கிப் பார்க்காமலேயே இதைக் கண்டறியலாம்: அது அடிக்கடி காலை மாற்றி மாற்றி வைக்கிறதா என்று பாருங்கள்.

2. வெப்பம்

முயலுக்கு இதமான வெப்பநிலை சுமார் 15 முதல் 21 டிகிரி செல்சியஸ். நம் நாட்டில் பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். துத்தநாகக் கூரையின் கீழ் இன்னும் கூடும். முயலால் நம்மைப் போல் வியர்த்துக் குளிர முடியாது. நாயைப் போல் மூச்சிரைத்தும் போதிய வெப்பத்தை வெளியேற்ற முடியாது. காதில் உள்ள இரத்த நாளங்களை விரித்து அதன் வழியாக வெப்பத்தை வெளிவிடுவதே அதன் முதன்மை வழி. காற்றே சூடாக இருந்தால் அந்த வழியும் பயன்படாது. மதிய வேளையில் மட்டும் அமைதியின்றி இடம் மாறி மாறிப் படுக்கும் முயலுக்கு வெப்பமே காரணமாக இருக்கலாம்.

தீர்வு எளிது. கூண்டை வீட்டுக்குள், வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். படுக்க ஒரு பளிங்குத் தரை ஓடு கொடுங்கள். போத்தலில் நீரை உறையவைத்து, துண்டில் சுற்றி ஒரு மூலையில் வையுங்கள். வேண்டுமானால் அது சாய்ந்துகொள்ளும், வேண்டாமென்றால் விலகிவிடும். மின்விசிறியை நேராக அதன் முகத்தில் வீசச் செய்யாதீர்கள்.

3. பயம்

தாமான் வீடுகளில் இரவில் தெருப் பூனை முன்வாசலுக்கு வருவது வழக்கம். முயல் கூண்டு அங்கே இருந்தால் என்ன ஆகும்? கம்பிக்கு இந்தப் பக்கம் இரை, அந்தப் பக்கம் கொன்றுண்ணி. பூனையால் உள்ளே வர முடியாது என்பது நமக்குத் தெரியும், முயலுக்குத் தெரியாது. ஓடவும் இடமில்லை, ஒளியவும் இடமில்லை. எலி, பாம்பு, மரநாய் ஆகியவற்றின் வாடையும் இதே விளைவைத் தரும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வெடிக்கும் பட்டாசு இன்னொரு காரணம்.

பயத்துக்கு மருந்து ஒளிவிடம். ஓர் அட்டைப்பெட்டி போதும். ஆனால், அதில் இரண்டு வாசல்கள் வெட்டுங்கள். காட்டு முயலின் வளைக்குப் பல வாசல்கள் உண்டு. ஒரே வாசல் உள்ள பெட்டி அதற்குப் பொறியைப் போலத் தோன்றும். பெருநாள் இரவுகளில் கூண்டை வீட்டின் உள்ளறைக்கு மாற்றி, சன்னலைச் சாத்தி, நிறைய உலர்புல் போட்டு வையுங்கள்.

4. இடமின்மையும் சலிப்பும் தனிமையும்

கடைகளில் விற்கும் கூண்டுகள் பல, முயல் மூன்று தாவல் தாவக்கூடப் போதாதவை. பிரிட்டனில் உள்ள முயல் நலச் சங்கம், இரண்டு முயல்களுக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள இடம் வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அடுக்குமாடி வீட்டில் அவ்வளவு பெரிய கூண்டு வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால், கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, தடுப்பு வேலி போட்ட ஓர் அறையையோ கூடத்தின் ஒரு பகுதியையோ அதற்குக் கொடுக்க முடியும். மின்கம்பிகளை முதலில் மறைத்துவிடுங்கள். முயல் அவற்றை வேர் என்று நினைத்து வெட்டும்.

உணவும் ஒரு வேலைதான். காட்டு முயல் நாளின் பல மணி நேரத்தை மேய்வதில் கழிக்கிறது. ஒரு கிண்ணம் பெல்லட் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரத்தில் அது என்ன செய்யும்? கம்பியைக் கடிக்கும். எனவே, உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் உலர்புல்லாக, எந்நேரமும் கிடைக்கும்படி இருக்கட்டும். அதைத் தாள் குழாயில் திணித்தும் கூடையில் ஒளித்தும் வைத்தால் தேடித் தின்னும். கொத்தமல்லித் தழை போன்ற கீரைகளைச் சிறிது கொடுக்கலாம். இனிப்புப் பழங்கள் மிகச் சிறிதளவே நல்லவை.

முயல் கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் துணை தேடும். ஆனால், அறிமுகமில்லாத இரண்டு முயல்களை ஒரே கூண்டில் விட்டால் கடுமையாகச் சண்டையிட்டுக் காயப்படுத்திக்கொள்ளும். கருத்தடை அறுவை முடிந்த பிறகு, இரண்டுக்கும் பொதுவான புதிய இடத்தில், சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

5. பருவமடைதல்

மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் முயல் பருவமடைகிறது. அதுவரை சாதுவாக இருந்தது திடீரென்று காலைச் சுற்றிச் சுற்றி ஓடும், உறுமும், சுவரில் சிறுநீரைப் பீய்ச்சும், தாடையைப் பொருள்களில் உரசும். தாடைக்கடியில் வாசனைச் சுரப்பி இருப்பதால், அந்த உரசல் எல்லை குறிக்கும் செயல். பெண் முயல் சில வேளைகளில் கருவுறாமலேயே கருவுற்றதுபோல் நடந்துகொள்ளும். வாயில் புல்லைக் கவ்வி அலையும். மார்பு, வயிற்று ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டும். இந்நிலை ஏறக்குறைய இரண்டரை வாரத்தில் தானே அடங்கும்.

இதற்கு நிலையான தீர்வு, முயல்களுக்கு மருத்துவம் செய்து பழகிய கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்வது. பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், அவற்றின் ஆயுளுக்கும் இது நல்லது. நாய், பூனையைப் போல் அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடக்கூடாது. முயல் வாந்தி எடுக்காது. அதன் குடலும் நிற்கக்கூடாது என்பதை மேலே படித்தோம்.

ஏழு நாள் குறிப்பேடு

ஐந்து காரணங்களில் உங்கள் முயலுக்கு எது? "தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று பழமொழி சொல்வதுபோல், முதலில் தோன்றியதையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். உற்றறிதல் வேறு, ஊகம் வேறு. "இரவு 11 மணிக்கு 10 நிமிடம் கம்பியைக் கடித்தது" என்பது உற்றறிதல். "பசியால் கடித்தது" என்பது ஊகம். குறிப்பேட்டில் முதலாவதை மட்டும் எழுதுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் ஐந்து தகவல்கள் போதும்: நேரம், செயல், எவ்வளவு நேரம் நீடித்தது, அறையின் வெப்பநிலை, அப்போது சுற்றிலும் என்ன நடந்தது. இதோடு தினமும் தின்ற புல்லின் அளவையும், புழுக்கையின் அளவையும் குறியுங்கள். நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், விலகி உட்கார்ந்து பாருங்கள். அருகில் போனால் உங்களைப் பார்த்தே அதன் நடத்தை மாறிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வீட்டு முயல் விடியற்காலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் கம்பியைக் கடிக்கிறது என்று ஏழு நாள் குறிப்பு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். வெப்பம் காரணமென்றால் மதியத்தில் அல்லவா அது பதற வேண்டும்? பூனை காரணமென்றால் காலடி ஓசையும் பதுங்கலும் இருக்க வேண்டுமே, அவையும் இல்லை. தின்னுவதும் புழுக்கையும் சரியாக உள்ளன. வலிக்கான குறி எதுவும் இல்லை. காட்டு முயல் வெளியே வந்து மேயும் நேரம் விடியலும் அந்தியும்தான். ஆகவே, கருதுகோள் இது: "இயல்பாக ஓடி மேயும் நேரத்தில் அடைபட்டிருப்பதால் கடிக்கிறது."

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்த இரு வேளைகளிலும் ஒன்றரை மணி நேரம் கதவைத் திறந்துவிடுங்கள். உணவு, கூண்டின் இடம், கவனிப்பவர் ஆகியவை மாறாமல் இருக்கட்டும். அடுத்த ஏழு நாளும் குறிப்பெடுங்கள். கடிக்கும் நிமிடங்கள் குறைந்தால் கருதுகோளுக்கு ஆதரவு கிடைத்துவிட்டது. குறையாவிட்டால் அடுத்த சந்தேகத்திற்குச் செல்லுங்கள்.

ஒரே முயல், இரண்டே வாரம் என்பதால் இது உறுதியான நிரூபணம் ஆகாது. அந்த வாரம் தற்செயலாக மழை பெய்து குளிர்ந்திருக்கலாம். முழு நிரூபணம் வேண்டுமென்று முயலை மீண்டும் அடைத்து வைத்துச் சோதிக்கவும் கூடாது. உயிரினத்தை ஆராயும்போது அதன் நலம் நம் ஆர்வத்தைவிட முக்கியமானது.

செய்யக்கூடாதவை

முயலை மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கும். இணையக் காணொளிகளில் இதை "அமைதிப்படுத்தும் வித்தை" என்று காட்டுகிறார்கள். அது அமைதியன்று. கொன்றுண்ணியின் பிடியில் சிக்கிய இரை செத்ததுபோல் கிடக்கும் பய எதிர்வினை அது. விளையாட்டுக்கும் அப்படிச் செய்யாதீர்கள்.

காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு கை மார்புக்கடியிலும் மறு கை பின்பகுதிக்கடியிலும் இருக்க, உங்கள் உடலோடு அணைத்துப் பிடியுங்கள். மற்ற நேரங்களில் தூக்குவதைவிட, தரையில் உட்கார்ந்து அது தானாக வரும்வரை காத்திருப்பதே நட்புக்கு வழி.

குளிப்பாட்டாதீர்கள். முயல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நீரில் இறக்குவது அதற்குப் பேரதிர்ச்சி.

கத்தாதீர்கள், அடிக்காதீர்கள். தண்டனைக்கும் தன் செயலுக்கும் உள்ள தொடர்பை முயல் அறியாது. உங்களைக் கொன்றுண்ணி வரிசையில் சேர்த்துவிடும்.

மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

குறிப்பேட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

பின்வருவனவற்றில் ஒன்று தெரிந்தாலும் சோதனை, காத்திருப்பு எதுவும் வேண்டாம். அன்றே, அந்த நேரமே பெற்றோரிடம் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

• 10 முதல் 12 மணி நேரமாக எதுவும் தின்னவில்லை.
• புழுக்கை விழவில்லை, அல்லது மிகச் சிறியதாகவும் குறைவாகவும் விழுகிறது.
• வயிறு உப்பிக் கடினமாக இருக்கிறது. ஒடுங்கி உட்கார்ந்து பற்களை நறநறக்கிறது.
• காதுகள் சிவந்து சூடாகி, வாயைத் திறந்து மூச்சுவிட்டு, துவண்டு கிடக்கிறது. இது வெப்பத்தாக்கு. போகும் வழியில் குளிர்ந்த நீரால் (பனிக்கட்டி நீரால் அல்ல) காதுகளை ஈரமாக்குங்கள்.
• தலை ஒரு பக்கம் சாய்ந்து சுற்றுகிறது, அல்லது பின்னங்கால்களை இழுத்து நடக்கிறது.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயலுக்கு வைத்தியம் பார்ப்பதில்லை. ஆபத்து நேரத்தில் தேடி அலையாமல், முயல் பார்க்கும் மருத்துவமனையின் எண்ணை இன்றே குறித்துக் கூண்டருகே ஒட்டிவையுங்கள். நீங்கள் எழுதிய ஏழு நாள் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். நோயாளியால் பேச முடியாத இடத்தில், எப்போது தின்பதை நிறுத்தியது, எத்தனை நாளாக இப்படி என்ற குறிப்பு மருத்துவருக்குப் பேருதவி.

பத்தாண்டுப் பொறுப்பு

நன்றாகக் கவனித்தால் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும். இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் நீங்கள் வாங்கும் குட்டி, நீங்கள் பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போகும்போதும் உயிரோடு இருக்கலாம். 2023ஆம் ஆண்டு சீன நாட்காட்டியில் முயல் ஆண்டாக வந்தபோது, ஆசைக்காக முயல் வாங்க வேண்டாம் என்று விலங்கு நல அமைப்புகள் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுதான். குட்டியாக இருக்கும்வரை கொஞ்சிவிட்டு, பருவமடைந்து பதறத் தொடங்கியதும் பூங்காவில் விட்டுவிடுபவர்கள் உண்டு. வீட்டில் பிறந்து வளர்ந்த முயலுக்கு வெளியில் உணவு தேடவும் தெரியாது, நாயிடமிருந்து தப்பவும் தெரியாது, வெயிலையும் தாங்காது. "காட்டில் சுதந்திரமாக இருக்கட்டும்" என்று விடுவது அதைச் சாகவிடுவதற்குச் சமம். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும், விலங்கை வளர்ப்பவர் அதன் தேவைகளைக் கவனிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது.

வீட்டில் யாராவது "இந்த முயல் சரியில்லை, கொடுத்துவிடலாம்" என்று சொன்னால், ஏழு நாள் அவகாசம் கேளுங்கள். ஒரு குறிப்பேடு, ஒரு வெப்பமானி, இரண்டு வாசல் வெட்டிய ஓர் அட்டைப்பெட்டி போதும். பெரும்பாலும் மாற வேண்டியது முயல் அல்ல, அது இருக்கும் சூழல் என்பதை உங்கள் குறிப்புகளே அவர்களுக்குக் காட்டும்.

சிந்தித்து விடை காண்க

1. ஒரு முயல் மதியம் 1 மணி முதல் 4 மணி வரை மட்டும் இடம் மாறி மாறிப் படுக்கிறது. உங்கள் கருதுகோள் என்ன? அதைச் சோதிக்க எந்த ஒரு மாறியை மாற்றுவீர்கள்?

2. பதற்றம் முயலின் குடலைப் பாதிக்கும் சுழலை அம்புக்குறிப் படமாக வரைக. அச்சுழலை எந்த இடத்தில் வெட்டினால் முயல் பிழைக்கும்?

3. "இரவெல்லாம் முயல் காலால் தரையை அடிக்கிறது; அதற்குக் கோபம்." இக்கூற்றில் உற்றறிதல் எது, ஊகம் எது? வேறு இரண்டு ஊகங்களை எழுதுக.

4. மல்லாந்து அசையாமல் கிடக்கும் முயல் அமைதியாக இருக்கிறது என்று உங்கள் நண்பர் சொல்கிறார். அதன் இதயத் துடிப்பை அளந்தால் எப்படி இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள்? காரணத்துடன் அவருக்கு விளக்குக.